ராமபாணத்தின் குடலை நுண்ணோக்கியில் பார்க்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கரப்பான்பூச்சியை அறுத்துப் பார்த்தவர்கள் மனதில் ஒரு படம் பதிந்திருக்கும். தீனிப்பை, அரைவைப்பை, நடுக்குடலும் பின்குடலும் சேரும் இடத்தில் மஞ்சள் நூல்களாக 100 முதல் 150 மால்பீஜியன் குழல்கள், அதாவது கழிவை வெளியேற்றும் குழல்கள். பள்ளியில் அதை வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அதே படத்தை வைத்துக்கொண்டு இறக்கையில்லாத தொன்மைப் பூச்சிகளின் ஸ்லைடைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். புத்தக அலமாரியில் ஓடும் ராமபாணத்தில் (silverfish) அந்தக் குழல்கள் 4 முதல் 8 வரைதான். பாறையிலும் மரப்பட்டையிலும் வாழும் மச்சிலிஸ் வகைகளில் 12 முதல் 20 வரை. டிப்ளுரா குழுவைச் சேர்ந்த கம்போடியா (Campodea) என்ற சிற்றுயிரியில் குழலுக்குப் பதிலாக சுமார் 16 சிறு மொட்டுகள், புரோட்டுராவில் ஆறே ஆறு. டிப்ளுராவிலேயே இன்னொன்றான ஜாபிக்ஸிலும், ஈர மண்ணில் துள்ளும் சிற்றுயிரியான ஸ்பிரிங்டெயிலிலும் அதுவும் இல்லை.

அப்படியானால் ஸ்பிரிங்டெயிலின் கழிவு எங்கே போகிறது? இந்தக் கேள்வியை வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால், நீங்கள் எந்தத் திரவத்தில் பூச்சியைப் போடுகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் கழிவு ஸ்லைடில் மிஞ்சுவதும் கரைந்துபோவதும். கீழே சொல்லும் முறையில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் வரும்.

வகைப்பாடு பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்பிரிங்டெயில், புரோட்டுரா, டிப்ளுரா மூன்றையும் இன்று பலர் பூச்சி வகுப்பிலேயே சேர்ப்பதில்லை. ஆறுகாலிகள் என்ற பெரிய குழுவுக்குள் தனியாக வைக்கிறார்கள். ராமபாணமும் மச்சிலிஸும் மட்டுமே முறையான பூச்சிகள். பழைய பாடநூல்களில் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் இருக்கும். நம் வேலைக்கு இரண்டு தரப்பும் தேவை என்பதால் நானும் சேர்த்தே பேசுகிறேன்.

பிடிப்பது

ராமபாணம் பிடிக்கக் காசு செலவில்லை. ஒரு கண்ணாடி ஜாடியின் வெளிப்புறம் முழுக்கக் காகித டேப் ஒட்டுங்கள். உள்ளே கொஞ்சம் மைதாவோ ரொட்டித் துண்டோ போட்டு, புத்தக அலமாரியின் அடித்தட்டில் இரவு வைத்துவிடுங்கள். டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழுந்த பூச்சியால் வழுவழுப்பான கண்ணாடியில் ஏறி வெளியே வர முடியாது. ராமபாணத்தில் பல வகைகள் உண்டு, கிடைக்கும் பூச்சி எது என்பதைக் கவனியுங்கள். அடுப்படி, பேக்கரி போன்ற சூடான இடங்களில் கிடைக்கும் பழுப்புப் புள்ளிகள் கொண்ட பூச்சி தெர்மோபியாவாக இருக்க வாய்ப்புண்டு. அலமாரியில் கிடைப்பது லெபிஸ்மாவோ டீனோலெபிஸ்மாவோ ஆக இருக்கலாம். குடலின் கடைசிப் பகுதிக்கு வரும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

ஸ்பிரிங்டெயிலுக்கு ஈரமான இலைமக்கு வேண்டும். ஒரு புனலில் வலை போட்டு, அதன் மேல் இலைமக்கைப் பரப்பி, மேலே ஒரு குறைந்த வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். மேலிருந்து காயக் காயப் பூச்சிகள் கீழே இறங்கி, புனலடியில் வைத்த ஈரக் குப்பியில் விழும். இத்தாலியரான பெர்லீஸ் 1905இல் தொடங்கி வைத்த முறை இது. பல்பு சேர்த்தது ஸ்வீடனின் டுல்கிரேன். அவசரமானால் பூந்தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள், அவை மிதந்து மேலே வந்துவிடும்.

தொடர்ந்து வேலை செய்வதாக இருந்தால் ஃபோல்சோமியா கேண்டிடா என்ற வெள்ளை நிற ஸ்பிரிங்டெயிலை வளர்ப்பது நல்லது. மண் நச்சியல் சோதனைகளுக்கு உலகெங்கும் பயன்படும் இனம் அது. 9 பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், 1 பங்கு கரித்தூள் கலந்து டப்பாவில் ஊற்றி உறையவிட்டு, எப்போதும் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். கரி கலப்பது வெள்ளைப் பூச்சி கறுப்புத் தரையில் பளிச்சென்று தெரிவதற்காக. உணவு, கொஞ்சம் உலர் ஈஸ்ட். ஆண் இல்லாமலே பெருகும் இனம் என்பதால் ஒரு சிலவற்றிலிருந்தே கூட்டம் உண்டாகிவிடும்.

உணவும் தோலுரிப்பும்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போவார்கள். அப்புறம் மெழுகில் பதித்த திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோமில் மெழுகு கிழியும்போது வருந்துவார்கள். வீட்டில் பிடித்த ராமபாணத்தின் குடலில் மணல் துகள் கிடக்கும். அது கத்தியின் விளிம்பைக் கெடுத்து, வெட்டும் ஒவ்வொரு சீவலிலும் கோடு போடும். பட்டினி போட்டால் மணல் வெளியேறும் என்பது சரிதான், ஆனால் பட்டினி நடுக்குடல் செல்களின் தோற்றத்தையே மாற்றிவிடும். மைதாவும் வடிதாளும் மட்டும் கொடுத்துச் சில நாட்கள் வைத்திருப்பதே மேல். வடிதாள் உணவா என்று கேட்காதீர்கள். டீனோலெபிஸ்மா லினியேட்டாவைக் கிருமிகள் இல்லாமல் வளர்த்து, அது செல்லுலோஸைத் தன் சொந்த நொதியாலேயே செரிக்கிறது என்று லாஸ்கரும் கீஸும் 1956இலேயே காட்டிவிட்டார்கள். கரையான்களில் பல குடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரிகளின் துணையில்தான் மரத்தைச் செரிக்கின்றன. ராமபாணத்துக்கு அந்தத் துணை தேவையில்லை.

அடுத்தது தோலுரிப்பு. மற்ற பூச்சிகள் முதிர்ந்ததும் தோலுரிப்பதை நிறுத்திவிடும். ராமபாணமும் ஸ்பிரிங்டெயிலும் ஆயுள் முழுக்க உரித்துக்கொண்டே இருக்கும். தோல் உரித்து ஓரிரு மணி நேரமே ஆன பூச்சியை எடுத்தால் கியூட்டிக்கிள் என்ற வெளித்தோல் படலம் மெத்தென்று இருக்கும், வெட்டுவது எளிது. ஆனால் ஸ்பிரிங்டெயிலில் தோலுரிப்பின்போது நடுக்குடலின் உள்விரிப்பும் சேர்ந்து உதிர்ந்து புதிதாக உருவாகிறது. அதனால் எந்த நிலையில் எடுத்தீர்கள் என்று குறித்து வைக்காத ஸ்லைடுக்கு மதிப்பில்லை. குறைந்தது இரண்டு நிலைகளில் எடுங்கள். நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போது ஒன்று, தின்பதை நிறுத்திக் குடல் காலியாகத் தெரியும்போது ஒன்று.

எந்தத் திரவத்தில் போடுவது

திசுவின் அமைப்பைப் பார்க்க பூவான் கரைசல் போதும். நிறைவுற்ற பிக்ரிக் அமிலக் கரைசல் 75 மில்லி, ஃபார்மலின் 25 மில்லி, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மில்லி. பிக்ரிக் அமிலம் காய்ந்து பொடியானால் வெடிக்கும் தன்மை கொண்டது. பாட்டிலின் மூடியில் மஞ்சள் படிகம் படிந்திருந்தால் திறக்க முயலாமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தயாராகக் கலந்த கரைசலை வாங்கிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. ஃபார்மலின், குளோரோஃபார்ம், சைலீன் மூன்றையும் புகைபோக்கி அறைக்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். வீட்டு மேசையில் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். நாம் தேடும் கழிவான யூரிக் அமிலமும் அதன் உப்புகளான யூரேட்டுகளும் நீர் கலந்த நிலைப்படுத்திகளில், அதாவது திசுவை அழுகாமல் காக்கும் திரவங்களில், மெல்லக் கரைந்துபோகும். கீல்வாத நோயாளியின் மூட்டிலிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் போட்டால் படிகங்கள் காணாமல் போவதும், நோயியல் ஆய்வகங்கள் அதைத் தூய ஆல்கஹாலில் கேட்பதும் இதனால்தான். பூச்சிக்கும் அதே வேதியியல். ஆகவே ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாகப் பிரித்து, பாதியை பூவானிலும் பாதியைத் தூய ஆல்கஹாலிலும் போடுங்கள். ஆல்கஹால் திசுவைச் சுருக்கும், செல்களின் விவரம் மங்கும். பரவாயில்லை. அந்தப் பாதியிலிருந்து நமக்கு வேண்டியது கழிவுத் துகள்கள் மட்டுமே.

ஸ்பிரிங்டெயிலில் வேறொரு தொல்லை. அதன் கியூட்டிக்கிள் தண்ணீர் ஒட்டாதது. பூவானில் போட்டால் மேலே மிதந்துகொண்டு, உள்ளே எதுவும் போகாமல், வயிறு அழுகிப்போன ஸ்லைடு கிடைக்கும். அதனால் ஸ்பிரிங்டெயிலுக்கு பூவானுக்குப் பதில் கார்னாய் கரைசல்தான் தீர்வு. தூய ஆல்கஹால் 6 பங்கு, குளோரோஃபார்ம் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. மெழுகுப் பூச்சை ஊடுருவி உள்ளே போய்விடும், ஓரிரு மணி நேரம் போதும். மெல்லிய ஊசியால் வயிற்றின் ஓரத்தில் ஒரு துளை போட்டால் இன்னும் நல்லது. யூரேட்டுக்கான பாதியைத் தூய ஆல்கஹாலில் போடும்போதும் இப்படித் துளை போட்டுவிடுங்கள்.

ராமபாணத்தை முழுதாகப் போட வேண்டாம். குளிரில் மயக்கி, நனைத்த தூரிகையால் செதில்களைத் துடைத்துவிட்டு, தலை, நடுவுடல், வயிறு என மூன்றாக நறுக்கிப் போடுங்கள். 10 மில்லிமீட்டர் பூச்சியை 6 மைக்ரான் தடிமனில் முழுதாகச் சீவினால் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் சீவல்கள் வரும். முதல் முயற்சியிலேயே அதைச் செய்துவிட்டு வெறுத்துப் போகாதீர்கள். பூவானில் 12 முதல் 24 மணி நேரம், பிறகு மஞ்சள் நிறம் போகும்வரை 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றி மாற்றிக் கழுவல்.

மெழுகு, கத்தி, சாயம்

நீர் நீக்கும் வரிசை வழக்கமானதுதான்: 70, 90, தூய ஆல்கஹால் இரண்டு முறை. ஆனால் அடுத்து சைலீனுக்குப் போகாமல் பியூட்டனாலுக்குப் போங்கள். சைலீனில் கியூட்டிக்கிள் இறுகி, கத்தி பட்டதும் நொறுங்கும். பியூட்டனாலில் அந்த இறுக்கம் வருவதில்லை. பிறகு சூடான பாரஃபின் மெழுகு. அடுப்பின் வெப்பநிலை மெழுகின் உருகுநிலையை ஓரிரு டிகிரிக்கு மேல் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீவல் 5 முதல் 7 மைக்ரான். கியூட்டிக்கிள் உள்ள சீவல்கள் சாயமிடும்போது ஸ்லைடிலிருந்து கழன்று மிதக்கும். முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் சம அளவில் கலந்து, வடிகட்டி, ஸ்லைடில் மெல்லப் பூசி உலரவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பழைய முறைதான், ஆனால் இந்தப் பூச்சிகளுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

பூவான் அல்லது கார்னாய் பாதிக்கு ஹெமட்டாக்ஸிலின், ஈயோசின் சாயங்கள். மல்லோரியின் முச்சாயமும் கிடைத்தால் இன்னொரு தொகுதிக்கு அதைப் போடுங்கள், குடலைச் சுற்றியுள்ள தசையும் இணைப்புத் திசுவும் தனித்தனி நிறத்தில் பிரிந்து தெரியும். ஆல்கஹால் பாதியைத் தண்ணீரில் மிதக்கவிடவே கூடாது. ஆல்கஹால் துளியில் விரித்து ஒட்டி, சாயமே இல்லாமலோ ஆல்கஹாலில் கரைத்த ஈயோசின் மட்டும் இட்டோ கவர் ஸ்லிப் போட்டுவிடுங்கள். கடைசியில் பழக்கதோஷத்தில் ஹெமட்டாக்ஸிலினுக்குள் முக்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

ராமபாணத்தின் ஸ்லைடைப் படிப்பது

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: குடலின் உட்புறத்தில் கியூட்டிக்கிள் படலம் இருக்கிறதா? இருந்தால் முன்குடல் அல்லது பின்குடல். இல்லாமல், செல்களின் மேல் விளிம்பில் தூரிகை போன்ற ஓரம் தெரிந்தால் நடுக்குடல். இந்த ஒரு கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

தீனிப்பை பெரியது. சுவர் மெல்லியது, நிறைய மடிப்பு, உள்ளே மாவும் செதில்களும் கலந்து கிடக்கும். செதில்களைப் பார்த்து ஒட்டுண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். உரித்த தோலைத் தின்னும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. அதற்குப் பின்னால் அரைவைப்பை. லெபிஸ்மாவில் ஆறு பற்கள் உட்புறம் நோக்கி நிற்கும், சுற்றிலும் தடித்த வட்டத் தசை. குறுக்குச் சீவல் சரியாக விழுந்தால் ஆறையும் ஒரே காட்சியில் எண்ணலாம். சாய்வாக விழுந்தால் மூன்றோ நான்கோ தெரியும், அப்போது அடுத்தடுத்த சீவல்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நடுக்குடலின் முன்முனையில் சிறு பிதுக்கப்பைகள் இருக்கும். சுவர் முழுக்க உயரமான தூண் செல்கள். அவற்றின் அடியில், தசையை ஒட்டி, அடர்நீல உட்கருக்கள் கொத்துக் கொத்தாகத் தெரிகிறதா? அவைதான் புதுப்பிப்புச் செல்கள். மேலே தேய்ந்து உதிரும் செல்களுக்கு ஈடு அங்கிருந்து வருகிறது. தின்றுகொண்டிருந்த பூச்சியையும் தோலுரிக்கும் நிலையில் இருந்த பூச்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நடுக்குடல் முடியும் இடத்தில் மால்பீஜியன் குழல்கள் திறக்கும். 1669இல் பட்டுப்புழுவில் அவற்றை விவரித்தவர் மால்பீகி. ஆனால் அவை கழிவுறுப்புகள் என்பது அவருக்குத் தெரியாது. சீவலில் இந்தக் குழல்கள் சிறு வட்டங்களாக, நடுவில் குறுகிய துவாரத்தைச் சுற்றிச் சில செல்கள் மட்டும் கொண்டு தெரியும். வட்டங்களை எண்ணி அதுதான் குழல்களின் எண்ணிக்கை என்று எழுதாதீர்கள். ஒரே குழல் வளைந்து நெளிந்து ஒரே சீவலில் பலமுறை வெட்டுப்படும். எண்ணிக்கை வேண்டுமானால், பூச்சித் திசுவுக்கேற்ற உப்பு நீரில் பூச்சியைப் புதிதாக அறுத்துக் குடலை விரித்து, குழல்கள் குடலில் சேரும் வேர்களை எண்ணுவதுதான் வழி.

பின்குடலின் கடைசிப் பகுதி இந்தப் பூச்சியிலேயே சுவாரசியமானது. தெர்மோபியாவில் மலக்குடலுக்கும் பின்னால் ஆசனப் பைகள் என்ற பகுதி இருக்கிறது. அதன் சுவர்ச் செல்களின் மேல்விளிம்பு மிக நெருக்கமான மடிப்புகளாக உள்நோக்கி மடிந்திருக்கும், ஒவ்வொரு மடிப்போடும் மைட்டோகாண்ட்ரியா ஒட்டி நிற்கும். இந்த விவரம் மின்னணு நுண்ணோக்கிக்கே தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் மேல்பாதி முழுக்க மெல்லிய கோடுகள் போட்டது போல் தெரிந்தால், சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். ஈரப்பதம் 45 சதவீதம் வரை குறைந்த காற்றிலிருந்தும் தெர்மோபியா நீராவியை இழுத்துக்கொள்கிறது. ஆசனவாயை அடைத்தால் அந்தத் திறன் போய்விடுவதை நோபிள்-நெஸ்பிட் 1970இல் காட்டினார். தண்ணீரே இல்லாத அலமாரியில் இவை பெருகுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இந்த ஸ்லைடைக் காட்டலாம்.

ஸ்பிரிங்டெயிலில் தேட வேண்டியவை

இங்கே மால்பீஜியன் குழலைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது நடுக்குடலே. அதன் செல்களுக்குள் சிறு உருண்டைத் துகள்கள், அடுக்கடுக்கான வளையங்களோடு, சேர்ந்துகொண்டே போகும். தோலுரிக்கும்போது அந்தச் செல்விரிப்பு மொத்தமாகக் கழன்று குடலுக்குள் விழுந்து வெளியேறுகிறது, துகள்களும் கூடவே போகின்றன. அடியில் புதிய விரிப்பு தயாராக இருக்கும். ஃபோல்சமும் வெல்ஸும் 1906இலேயே இதைச் சீவல்களில் விவரித்தார்கள். ஈயம் போன்ற உலோகங்கள் கலந்த மண்ணில் வாழும் ஆர்கெசெல்லா என்ற ஸ்பிரிங்டெயில், உலோகத்தையும் இதே வழியில்தான் வெளியேற்றுகிறது. உங்கள் சீவல்களில் குடலின் நடுவில் செல்கள் கிடந்தால் உடனே தவறான தயாரிப்பு என்று தூக்கி எறியாதீர்கள். பூச்சி தோலுரிக்கும் நிலையில் இருந்ததா என்று முதலில் குறிப்பேட்டைப் பாருங்கள்.

இரண்டாவது கொழுப்பு உடலம். இதில் சில செல்களில் யூரேட் சேமிக்கப்படுகிறது. ஹெமட்டாக்ஸிலின் இட்ட ஸ்லைடில் அந்த இடம் வெறும் வெற்றுக் குழிகளாகத் தெரியும். ஆல்கஹால் ஸ்லைடில்தான் துகள்கள் இருக்கும். ஒளிமூலத்துக்கு மேல் ஒரு போலராய்டு தாள், கண்ணருகு வில்லையின் மேல் இன்னொன்று, ஒன்றைத் திருப்பிக் காட்சி இருளும்படி வையுங்கள். யூரேட் துகள்கள் அந்த இருட்டில் ஒளிரும். ஆனால் தசையும் கியூட்டிக்கிளும்கூட ஒளிரும் என்பதால் ஒளிர்வதை எல்லாம் யூரேட் என்று எழுதிவிட முடியாது. அடுத்த சீவலை லித்தியம் கார்பனேட் கரைசலில் சிறிது நேரம் வைத்து மறுபடி பாருங்கள். ஒளி மறைந்துபோன இடங்கள் யூரேட். மறையாதவை வேறு.

மூன்றாவது தலை. பலர் குடலையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதைத் தவறவிடுகிறார்கள். கீழுதட்டுச் சிறுநீரகம் என்று அழைக்கப்படும் ஒரு ஜோடி உறுப்புகள் தலைக்குள் இருக்கின்றன. ஒரு சின்னப் பை, அதைத் தொடர்ந்து நெளிந்து போகும் குழல், கடைசியில் வெளியே திறக்கும் நாளம். பையின் சுவரில் இருப்பவை நம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் உள்ளது போன்ற, கால் போன்ற நீட்சிகள் கொண்ட செல்கள். இறால், நண்டு போன்றவற்றின் கழிவுச் சுரப்பியும் இதே திட்டத்தில் அமைந்தது. மச்சிலிஸிலும் கம்போடியாவிலும் இந்த உறுப்பு உண்டு. ஸ்பிரிங்டெயிலில் வெளியே வரும் திரவம் உடலின் அடிப்புறத்தில் ஓடும் மெல்லிய வாய்க்கால் வழியாக, வயிற்றின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வயிற்றுக் குழாய்க்குப் போகிறது. அந்தக் குழாயின் செல்கள் நீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

இதைப் பிடிக்கத் தலையை நெடுக்கு வாட்டில், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் சீவுங்கள். குறுக்குச் சீவலில் உமிழ்நீர்ச் சுரப்பிகளோடு கலந்துபோய் எது எது என்று தெரியாது. குழல் செல்களின் அடிப்பாகத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் அது சிறுநீரகம், செல்களுக்குள் சுரப்புத் துளிகள் நிறைந்திருந்தால் சுரப்பி. சந்தேகம் தீராவிட்டால் முன்னும் பின்னும் பத்துச் சீவல்களை வரிசையாக வரைந்து, நாளம் எங்கே திறக்கிறது என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

ஸ்லைடு முனையில் பெயரோடு நான்கு விவரங்கள் எழுதுங்கள்: இனம், உணவு, தோலுரிப்பு நிலை, நிலைப்படுத்தி. பென்சிலாலோ வைரமுனைப் பேனாவாலோ எழுதுங்கள். சாதாரண மார்க்கர் மை சைலீன் பட்டதும் கரைந்துவிடும்.